அரிதான ஆங்கில வினை வடிவங்கள்: அச்சுப்பிழையா, மாற்று எழுத்தா?

மெய்ப்புநோக்கி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய ஆங்கிலப் புத்தகங்களை ஸ்கேன் செய்து மின்னூலாக்கும் தன்னார்வப் பணியில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடற்பயண நூல் ஒன்று. அதில் வரும் வினைச்சொற்கள் என்னைத் தடுமாற வைக்கின்றன.

முதலில் ஒரு ஏற்பாடு. இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவதால், ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை 'டி' என்றும், இருபதாம் எழுத்தை 'டீ' என்றும் எழுதுகிறேன். அதேபோல இரண்டாம் எழுத்து 'பி', பதினாறாம் எழுத்து 'பீ'. நீங்களும் அப்படியே எழுதினால் குழப்பம் இருக்காது.

இனி விஷயம். 'டிராப்' என்பதன் இறந்தகாலத்தை இந்த ஆசிரியர் ஒரு பீ, ஒரு டீ போட்டு முடித்துவிடுகிறார். நாம் போடும் இரட்டைப் பீயும் இ-டியும் கிடையாது. 'ஷோ' என்பதற்கு ஓ-டபிள்யூ வரவேண்டிய இடத்தில் இ-டபிள்யூ வருகிறது. கயிற்றைத் தளர்த்தி விட்டார்கள் என்னும் இடத்தில் 'பே' என்ற வினை பீ-ஏ-ஒய்-இ-டி என்று நிற்கிறது. குண்டு பட்டுத் தெறித்ததைச் சொல்லும் 'ரிக்கஷே' என்ற சொல் ஓர் அத்தியாயத்தில் ஒற்றை டீயோடும் இன்னோர் அத்தியாயத்தில் இரட்டை டீயோடும் வருகிறது. வழிபட்டார்கள் என்று பொருள்படும் 'வொர்ஷிப்ட்' ஒரே ஒரு பீயோடு இருக்கிறது.

திருத்தக் கை பரபரக்கிறது. ஆனால் இது அச்சுக்கோத்தவர் விட்ட பிழையா, அன்றைய வழக்கா என்று தெரியாமல் தொட மனம் வரவில்லை. இவற்றில் எது எது பிழை? பொதுவாக எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏழெழுத்து எழுதியது:

நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பிழை இல்லை. ஐந்துமே அகராதியில் உள்ளவை.

நான் எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறவன். எங்களுக்கு இந்த அரிய வடிவங்கள்தான் சொத்து. 'ஜிங்க்' என்ற துத்தநாகத்தை வினையாக்கி இறந்தகாலத்தில் சொன்னால் இரண்டு விதமாக எழுதலாம்: சிக்குப் பிறகு நேராக இ-டி போடுவது ஒன்று, நடுவில் ஒரு கே சேர்ப்பது இன்னொன்று. கே சேர்த்தால் ஏழெழுத்து ஆகிவிடும். காய்களின் புள்ளிகள்: இசட் 10, ஐ 1, என் 1, சி 3, கே 5, இ 1, டி 2. ஆக 23. கையில் இருந்த ஏழு காய்களையும் ஒரே ஆட்டத்தில் வைத்தால் 50 கூடுதல். கூடுதல் புள்ளி தரும் நிறக் கட்டம் எதுவும் உதவாவிட்டாலும் 73. அந்த ஒரு கே தருவது எவ்வளவு என்று பாருங்கள்.

தொல்வினை எழுதியது:

மெய்ப்புநோக்கி கேட்டது நல்ல கேள்வி. பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால், இதுவரை பார்க்காத சொல் எதிரே வந்தாலும் பிழையா இல்லையா என்று நிதானிக்கலாம்.

இரட்டிக்கும் எழுத்திலிருந்து தொடங்குவோம். நமக்கு இது புதிதே இல்லை. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று படித்திருக்கிறோம் அல்லவா? கண்ணும் ஐயும் சேர்ந்தால் கண்ணை. மானும் ஐயும் சேர்ந்தால் மானை. குறிலுக்குப் பின் ஒற்று இரட்டிக்கிறது, நெடிலுக்குப் பின் இரட்டிப்பதில்லை. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் நடப்பது ஏறக்குறைய இதே வழியில்தான். 'ஸ்டாப்' குறில், எனவே இ-டி சேரும்போது பீ இரட்டிக்கிறது. 'சீம்' நெடில், எம் இரட்டிப்பதில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. தமிழில் அந்த ஒற்று வாயிலும் இரட்டித்தே ஒலிக்கும். ஆங்கிலத்தில் அது கண்ணுக்கு மட்டும்: முன்னால் இருப்பது குறில் என்று வாசிப்பவருக்குச் சொல்லும் அடையாளம்.

அசை ஒன்றுக்கு மேல் போனால் தமிழில் இரட்டிப்பு இல்லை. அவனும் ஐயும் அவனை. ஆங்கிலமோ அங்கே அழுத்தத்தைக் கேட்கிறது. கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் இரட்டிக்கும், இல்லையென்றால் இல்லை. 'அக்கர்' (நிகழ்) என்பதில் அழுத்தம் கடைசியில், எனவே இரண்டு ஆர். 'ஆஃபர்' என்பதில் முதலில், எனவே ஒரு ஆர்.

விதி இவ்வளவுதான். மாற்று வடிவங்கள் எல்லாம் பிறப்பது இந்த விதி தடுமாறும் இடங்களில்.

'கிட்னாப்' எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் முதல் அசையில். விதிப்படி ஒரு பீ போதும், அப்படி எழுதிய அமெரிக்க அச்சுகளும் உண்டு. ஆனால் இரண்டாம் அசையான 'நாப்' தேய்ந்து போகாமல் முழு உயிரோடு ஒலிக்கிறது. ஒற்றைப் பீயோடு பார்த்தால் அதை 'நேப்ட்' என்று வாசிக்கத் தோன்றும். எனவே வழக்கு இரண்டு பீயின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'ஹாண்டிகாப்', 'ஃபார்மட்', 'ஸிக்ஸாக்' எல்லாம் இதே கதை. 'காலப்' என்ற குதிரைப் பாய்ச்சலில் கடைசி அசை தேய்ந்துவிடுகிறது, அங்கே ஒரு பீதான். அதற்கு இரண்டு பீ போடுவது பிழை.

'ஃபோகஸ்' இன்னும் நுட்பமானது. ஒற்றை எஸ் போதும் என்கிறது விதி. ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் எஸ், ஆங்கிலத்தில் பெரும்பாலும் இசட் போல அதிர்ந்து ஒலிப்பது வழக்கம். 'ஃபியூஸ்டு' என்பதுபோல வாசித்துவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு. இரட்டை எஸ் அங்கிருந்து வந்தது. 'பயஸ்' (சார்பு) என்பதற்கும் அப்படியே. 'பஸ்' வினையாகும்போது நிலைமை இன்னும் மோசம்: ஒற்றை எஸ் போட்டால் 'பியூஸ்டு' போல் இருக்கும், இரட்டை எஸ் போட்டால் முத்தமிடுதல் என்ற பழைய சொல்லோடு போய் மோதும். இரண்டு வடிவமும் இன்றும் அகராதியில் இருப்பது அதனால்தான்.

உங்கள் 'ரிக்கஷே'யும் இதே வகை. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. கடைசி டீயை ஒலிக்காமல் 'ரிக்கஷே' என்று சொல்கிறவர், இறந்தகாலத்தை 'ரிக்கஷேட்' என்கிறார், ஒற்றை டீ போதும். டீயை ஒலித்து 'ரிக்கஷெட்' என்று சொல்கிறவருக்கு இறந்தகாலம் 'ரிக்கஷெட்டட்', அவருக்கு இரட்டை டீ வேண்டும். இரண்டு உச்சரிப்பும் பிரிட்டனில் இருந்தவை. எழுத்தைப் பார்த்தே எழுதியவரின் வாயை ஊகிக்கலாம்.

கரும்பலகை எழுதியது:

ஐயா விளக்கம் அருமை. ஆனால் ஆங்கிலம் கற்பிக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'டிராவல்' என்பதற்கு அழுத்தம் முதல் அசையில். ஒரு எல் போதும் என்கிறது நீங்கள் சொன்ன விதி. நாமோ பிரிட்டிஷ் வழக்கு என்று இரண்டு எல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகள் ஒரு எல் எழுதினால் 'அமெரிக்கப் பழக்கம்' என்று சிவப்பு மை. பிறகு 'பாரலல்' வருகிறது. அங்கே பிரிட்டிஷ் வழக்கிலும் கடைசி எல் இரட்டிப்பதில்லை, ஏனென்றால் ஏற்கெனவே நடுவில் ஒரு இரட்டை எல் இருக்கிறது. இந்த எல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை? எது சரி என்று ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் பிள்ளைகளுக்கு நிம்மதி.

தொல்வினை எழுதியது:

அம்மா, அந்த ஒற்றை எல் அமெரிக்கப் பழக்கம் என்பதே பாதி உண்மைதான். நோவா வெப்ஸ்டர் தன் 1828 அகராதியில் அதை நிலைநிறுத்தினார், சரி. ஆனால் அதை முதலில் கேட்டவர் அவர் இல்லை. 1762-இல் ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், இங்கிலாந்துக்காரர், பின்னாளில் லண்டன் பிஷப். முதல் அசையில் அழுத்தம் உள்ள சொற்களில் கடைசி மெய்யை இரட்டிப்பது தவறு என்று கருதியவர் அவர். லண்டனில் உச்சரிப்பு அகராதி எழுதிய ஜான் வாக்கரும் லௌத் சொன்னதை எடுத்துக்காட்டி, 'வொர்ஷிப்', 'கவுன்சல்' இரண்டுக்கும் ஒற்றை மெய்தான் சரி என்று வழிமொழிந்தார். வெப்ஸ்டர் அவர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் எழுந்த சீர்திருத்தம் இங்கிலாந்தில் எடுபடாமல் அமெரிக்காவில் வேர்பிடித்தது. அவ்வளவுதான்.

ஆகவே மெய்ப்புநோக்கியின் புத்தகத்தில் ஒற்றைப் பீயோடு 'வொர்ஷிப்ட்' வந்தால், அதைப் பதிப்பித்த ஊரைப் பாருங்கள். நியூயார்க்கோ பாஸ்டனோ என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எல் விஷயத்தில் வேடிக்கையான திருப்பம் ஒன்று. 'ஃபுல்ஃபில்', 'என்ரோல்', 'என்த்ரால்' போன்ற வினைகளில் பகுதியிலேயே வேறுபாடு. பிரிட்டனில் கடைசியில் ஒரு எல், அமெரிக்காவில் இரண்டு. 'டிராவலுக்கு' நேர் எதிர். இறந்தகாலத்துக்கு வந்தால் இரு நாட்டிலும் ஒரே எழுத்து, ஏனென்றால் அழுத்தம் கடைசி அசையில், பிரிட்டிஷ் எல்லும் இரட்டித்துவிடுகிறது. இறந்தகாலத்தை மட்டும் பார்த்து நூல் எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்லவே முடியாத வினைகள் இவை.

கரும்பலகை எழுதியது:

லௌத் பற்றிய செய்தி எனக்குப் புதிது, மகிழ்ச்சி. ஆனாலும் என் நிலை மாறாது. ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை இருக்க வேண்டும். முதல் பத்தியில் ஒரு எல், அடுத்த பத்தியில் இரண்டு எல் என்றால் அது மாற்று வடிவம் இல்லை, கவனக்குறைவு. மாற்று வடிவங்கள் உண்டு என்று சொல்லிக்கொடுப்பது வேறு, எதையும் எப்படியும் எழுதலாம் என்று விடுவது வேறு.

நான் மாணவர்களிடம் விரும்பிச் சொல்லும் ஒன்றைச் சேர்க்கிறேன். இது இ எழுத்தைப் பற்றியது. 'ஐ-என்-ஜி' சேரும்போது கடைசி இ போய்விடும் என்பது பொது விதி. ஆனால் 'சிஞ்ச்' (கருக்குதல்) என்பதில் இயை எடுத்துவிட்டால் அது 'பாடுதல்' ஆகிவிடும். 'டை' (சாயமேற்றுதல்) என்பதில் எடுத்துவிட்டால் 'இறத்தல்' ஆகிவிடும். எனவே அந்த இ உட்கார்ந்தே இருக்கிறது. இதே காரணத்துக்காகப் பிரிட்டனில் 'ரூட்' (வழி) என்ற வினைக்கும் சிலர் இயை விடுவதில்லை. எடுத்தால் அது எதிரியைச் சிதறடித்தல் என்ற 'ரவுட்'டின் வடிவமாகத் தெரியும். அந்நாட்டு ரயில் பயணச்சீட்டு எந்தெந்த வழிகளில் செல்லும் என்று வரையறுக்கும் ஆவணத்துக்கே 'நேஷனல் ரூட்டிங் கைடு' என்று பெயர். அதில் அந்த இ இருக்கிறது. தெரியாதவர் பார்த்தால் பிழை என்று அடித்துவிடுவார்.

'க்யூ'வில் நிற்பதற்கும் இரண்டு வடிவம். இயை வைத்துக்கொண்டால் யு-இ-யு-இ-ஐ என்று ஐந்து உயிரெழுத்துகள் வரிசையாக நிற்கும்.

ஏழெழுத்து எழுதியது:

அக்கா சொன்ன இ போலத்தான் என் கேயும். சிக்குப் பின்னால் இ அல்லது ஐ வந்தால் சி 'ஸ்' என்று மெலிந்துவிடும். அதைத் தடுக்க கே ஒன்று காவலுக்கு நிற்கிறது. 'பானிக்', 'பிக்னிக்', 'மிமிக்', 'டிராஃபிக்' என்றால் யாருக்கும் சந்தேகமில்லை, கே கட்டாயம். ஐ-சியில் முடியாத சொற்களில்தான் கலவரம். 'ஆர்க்' (மின்பொறி வளைவு) என்பதற்கு மின்பொறியாளர்கள் கே இல்லாமலே எழுதுகிறார்கள், ஆனால் 'ஆர்க்கிங்' என்றே சொல்கிறார்கள். கே சேர்த்த வடிவம் ஸ்கிராபிள் பட்டியலில் இருக்கிறது. முகப்பவுடரான 'டால்க்'குக்கும் அப்படியே இரண்டு.

'சிங்க்' என்று இரண்டு சாதனங்களை ஒத்திசைக்கிறோமே, அதன் இறந்தகாலம் சி-இ-டியா, சி-ஹெச்-இ-டியா? முதலாவதைப் பார்த்தால் சி மெலிந்து ஒலிக்குமோ என்று தோன்றுகிறது. இரண்டாவதில் ஹெச் வந்தது மூலச் சொல்லின் கிரேக்க வேரிலிருந்து. ஆனால் அது 'சிஞ்ச்டு' என்று வாசிக்க வைக்கிறது. இரண்டுமே அகராதியில் உண்டு. கே சேர்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும், அதை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், இடையில் நுழைகிறேன். டீயில் முடியும் 'டிராப்ட்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 'பர்ன்ட்', 'லேர்ன்ட்' தெரியும். அதே இனமா இது?

தொல்வினை எழுதியது:

பாதி அதே இனம். ஆனால் இதற்குத் தனிக் கதை இருக்கிறது, சற்று நீளமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இ-டி தனி அசையாகவே ஒலித்தது. 'டிராப்-பெட்' என்பதுபோல. நாளடைவில் அந்த இ தேய்ந்தது. டீ, டி ஆகியவற்றில் முடியும் வினைகளில் மட்டும் ஒலி மிஞ்சியது. மற்றவற்றில் வெறும் டீ ஒலி அல்லது டி ஒலி. எழுத்து என்ன செய்வது? மூன்று வழிகள் பிறந்தன. எதுவும் மாற்றாமல் இ-டி என்றே எழுதலாம். இயை விட்டு மேற்கோள் புள்ளி போட்டு டி எழுதலாம். காதில் கேட்கிறபடி டீ எழுதலாம்.

1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்து அச்சிட்ட பெரிய பதிப்பில் முதல் இரண்டும் வேலை பிரித்துக்கொண்டு நிற்கின்றன. தனி அசையாக ஒலிக்க வேண்டிய இடத்தில் முழு இ-டி, ஒலிக்க வேண்டாத இடத்தில் புள்ளியும் டியும். நடிகருக்கு அது சந்தம் காட்டும் குறிப்பு. நாடு கடத்தப்பட்டான் என்ற 'பானிஷ்டு' ஓரிடத்தில் மூன்றசை, இன்னோரிடத்தில் இரண்டசை. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைய பதிப்புகள் எல்லாவற்றையும் இ-டி ஆக்கிவிட்டு, ஒலிக்க வேண்டிய இடத்தில் இயின் தலையில் ஒரு கோடு போடுகின்றன.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-இல் ஆங்கிலத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று ஒரு முன்மொழிவு எழுதினார். அதில் இப்படி இயை விழுங்கிய வினைகளைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். மெய்யும் மெய்யும் மோதிக் காதைக் குடைகின்றன என்பது அவர் கட்சி.

டீ வடிவத்துக்கு ஓசை நியாயம் இருக்கிறது. பீ, கே, எஸ், எஸ்-ஹெச் போன்ற வல்லோசைக்குப் பின் வருவது உண்மையில் டீயின் ஒலிதான். 'கிஸ்' என்பதைக் கே-ஐ-எஸ்-டீ என்றும், 'மிக்ஸ்' என்பதை எக்ஸுக்குப் பின் டீ என்றும் எழுதியவர்கள் காதுக்கு உண்மையாக எழுதினார்கள். மில்டனிடம் 'ஃபிக்ஸ்ட்' உண்டு. டென்னிசனிடம் 'வெக்ஸ்ட்' உண்டு. உங்கள் கடற்பயண ஆசிரியர் 'டிராப்' என்பதை டீயில் முடித்தது 19-ஆம் நூற்றாண்டில் யாரையும் உறுத்தியிருக்காது.

இதைச் சட்டமாக்கப் பார்த்தவரும் உண்டு. 1906-இல் ஆண்ட்ரூ கார்னெகியின் பணத்தில் அமெரிக்காவில் எளிய எழுத்து வாரியம் ஒன்று தொடங்கியது. 300 சொற்களுக்கு எளிய வடிவம் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் இறந்தகால வினைகள் கொத்துக்கொத்தாக வருகின்றன: ஆடை அணிந்தது, கடந்தது, தாண்டிக் குதித்தது, கழுவியது, விரும்பியது எல்லாம் டீயில் முடிகின்றன. அந்த ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அரசு அச்சகம் இனி இப்படித்தான் அச்சிட வேண்டும் என்று ஆணையிட்டார். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுத் தள்ளின. டிசம்பரில் மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட, ரூஸ்வெல்ட் பின்வாங்கினார்.

எனக்கு இதில் வருத்தம்தான். அந்த 300-இல் பல சொற்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை. நூற்றாண்டுகளாக நல்ல கவிஞர்கள் எழுதி வந்தவை. அரசாணை என்ற சட்டையைப் போட்டதும் மக்களுக்கு அந்நியமாகத் தெரிந்துவிட்டன.

ஒன்று வேறு விதமாகப் பிழைத்துக்கொண்டது. 'பாஸ்' (கடந்து செல்) என்ற வினையின் டீ வடிவம் பிரிந்து போய், கடந்த காலம் என்ற பெயர்ச்சொல்லாகவும் தாண்டி என்ற இடைச்சொல்லாகவும் தனிக் குடித்தனம் நடத்துகிறது.

கரும்பலகை எழுதியது:

அப்படியே அந்த 'ஷோ'வையும் சொல்லிவிடுங்கள் ஐயா. அதைப் பள்ளிப் பிள்ளைகள் பைபிளில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

தொல்வினை எழுதியது:

1611 பைபிளில் இ-டபிள்யூ வடிவம்தான். பெர்னார்ட் ஷா 20-ஆம் நூற்றாண்டிலும் அதைப் பிடிவாதமாக எழுதிவந்தார். உச்சரிப்பு 'ஷோ'தான், 'ஷூ' இல்லை. நம்ப முடியவில்லை என்றால் தையல் தைப்பதற்கான 'சோ'வைப் பாருங்கள். அதில் இன்றும் இ-டபிள்யூ இருக்கிறது, யாரும் 'சூ' என்று சொல்வதில்லை. அந்தக் குடும்பத்தில் ஒன்று எழுத்தை மாற்றிக்கொண்டது, ஒன்று மாற்றவில்லை.

இன்னும் பின்னால் போனால் வேறு உலகம். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியின் 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளில் 'ஷல்' என்ற துணைவினையை எக்ஸ்-ஏ-எல் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எக்ஸைப் பார்த்தாலே ஏடு எந்தப் பக்கத்தது என்று அறிஞர்கள் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று நாம் தினமும் எழுதுவது: 'கேன்' என்பதன் இறந்தகாலமான 'குட்' என்பதில் ஒரு எல் இருக்கிறதே, அது மூலத்தில் இருந்ததே இல்லை. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் எல் முறையாக வந்தது, ஏனென்றால் 'வில்', 'ஷல்' ஆகிய பகுதிகளில் எல் உண்டு. 'கேன்' என்பதில் ஏது எல்? பக்கத்து வீட்டாரைப் பார்த்து ஒட்டவைத்துக்கொண்டது. எல் இல்லாத பழைய வடிவம்தான் நேர்மையானது, ஆனால் இன்று அதை எழுதினால் பிழை.

எழுத்தும் ஒலியும் பிரிந்து போனதற்கு ஒரு சாட்சி. 'மேக்கெத்', 'லீடெத்' என்று ஹெச்சில் முடியும் படர்க்கை வினைகள் தெரியும் அல்லவா? 1643-இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்பவர் எழுத்திலக்கணம் எழுதும்போது, நாம் இப்படி எழுதினாலும் வாயால் 'மேக்ஸ்', 'லீட்ஸ்' என்றுதான் சொல்கிறோம் என்று குறித்துவைத்தார். ஒலி மாறிய பிறகும் பழைய எழுத்து அச்சில் நின்றுகொண்டிருந்தது.

நிரல்வழி எழுதியது:

எழுத்துப்பிழை திருத்தி மென்பொருளுக்குச் சொற்பட்டியல் பராமரிக்கிறவன் நான். இதுவரை படித்ததில் எல்லோரும் அரிய வடிவங்களின் பக்கமே பேசுகிறீர்கள். எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன்.

அகராதியில் இருக்கிறது என்பதற்காக ஒரு வடிவத்தைத் திருத்தியின் பட்டியலில் சேர்த்தால் பயனரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். 'பே' என்பதன் இறந்தகாலம் ஏ-ஐ-டி. ஏ-ஒய்-இ-டி என்ற வடிவம் கப்பல் சம்பந்தப்பட்ட இரண்டு பொருளில் மட்டும் சரி: கயிற்றைத் தளர்த்தி விடுவது, கப்பலின் இடுக்குகளில் தார் பூசுவது. கப்பலில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? கட்டணம் செலுத்தினேன் என்று எழுத வந்து தவறாக ஒய் போடுகிறவர்கள் எத்தனை பேர்? பட்டியலில் சேர்த்தால் அந்தப் பிழைகள் எல்லாம் சிவப்புக் கோடு இல்லாமல் தப்பிவிடும்.

தொல்வினை ஐயா சொன்ன டீ வடிவங்களிலும் இதே ஆபத்து. 'மிஸ்' என்பதை டீயில் முடித்தால் மூடுபனி. 'ஸ்டே' என்பதன் பழைய இறந்தகாலம் எஸ்-டீ-ஏ-ஐ-டி, 'லே', 'சே' போல. அது இன்று அடக்கமான, விறைப்பான என்ற பெயரடையாக மட்டும் வாழ்கிறது. இறந்தகாலமாகப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது பிழைதான்.

'பெனிஃபிட்' என்பதற்கு இரட்டை டீ போடுகிறார்களே, உள்ளே 'ஃபிட்' தெரிகிறது என்பதற்காக? அதைச் சேர்த்துக்கொண்டேன். பரவலாக எழுதுகிறார்கள், வேறு எந்தச் சொல்லோடும் மோதுவதில்லை. 'டார்கெட்' என்பதற்கு இரட்டை டீ போடுவதைச் சேர்க்கவில்லை. அழுத்தம் முதல் அசையில், கடைசி அசை தேய்ந்த ஒலி, இரட்டிக்க ஒரு காரணமும் இல்லை. ஒரு வடிவம் சரியா என்பது மட்டும் எனக்குக் கேள்வி இல்லை, அதைச் சேர்த்தால் எந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதும் கேள்வி.

ஏழெழுத்து எழுதியது:

நண்பரே, அது உங்கள் கருவிக்குச் சரி. ஆனால் மக்கள் அகராதியைத் திறப்பதில்லை, சிவப்புக் கோட்டைத்தான் அகராதி என்று நினைக்கிறார்கள். நீங்கள் சேர்க்காத வடிவத்தை யாரும் எழுதத் துணிவதில்லை. கொஞ்ச நாளில் அது வழக்கொழிகிறது. பிறகு 'யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கவில்லை' என்பீர்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் மாற்று வடிவங்களை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுவார்கள். நடுவில் 'அல்லது' இருந்தால் இரண்டும் சமம். 'அதோடு' என்ற பொருளில் வேறொரு சொல் இருந்தால் இரண்டாவது சற்று அரிது. இரட்டை எஸ் போட்ட 'ஃபோகஸ்டு' அப்படித்தான் இருக்கிறது. உங்கள் திருத்தியும் அதுபோல வேறு நிறத்தில் கோடு போடலாமே? சிவப்பு என்றால் பிழை, வேறு நிறம் என்றால் அரிது.

நிரல்வழி எழுதியது:

இரண்டாம் நிறம் நல்ல யோசனை. சொற்பட்டியலில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அடையாளம் சேர்த்தால் செய்யலாம். ஆனால் 'பே'க்கு அப்போதும் சிவப்புதான் போடுவேன்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிரல்வழி சொன்னதும் தொல்வினை ஐயா சொன்னதும் என் வேலையில் ஒரே மேசையில் வந்து உட்காருகின்றன. விளக்குகிறேன்.

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் தானாகவும் பிழைகளை உண்டாக்குகிறது. ஆர், என் இரண்டும் நெருங்கி நின்றால் அதை எம் என்று படித்துவிடும். திரும்பினான் என்ற 'டர்ன்டு' நடுவில் எம்மோடு வரும். எரிந்த என்ற 'பர்ன்ட்' பி-யு-எம்-டீ ஆகிவிடும். 1800-க்கு முந்தைய நூல் என்றால் நீண்ட எஸ் என்ற பழைய எழுத்தை எஃப் என்று படித்து, 'ஷுட்' என்பதை எஃப்பில் தொடங்கிக் காட்டும். இவற்றை மாற்று வடிவம் என்று விட்டுவிட்டால் ஆசிரியருக்குச் செய்யும் துரோகம். ஆகவே என் முதல் வேலை எப்போதும் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. அச்சில் அப்படி இருக்கிறதா இல்லையா? இருந்தால்தான் ஐயா சொன்ன காரணங்களுக்கே போக வேண்டும்.

தன்னார்வலர்கள் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும், 2000-இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் தளத்தில், நிரல்வழியின் சிக்கலுக்கு ஒரு வழி ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் ஒரே சொற்பட்டியல் என்று அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக 'நல்ல சொல்' பட்டியலும் 'கெட்ட சொல்' பட்டியலும் உண்டு. என் கடற்பயண நூலின் நல்ல சொல் பட்டியலில் ஒய் போட்ட 'பே'யைச் சேர்த்துவிட்டால், அந்தப் புத்தகம் முழுக்க அதன்மேல் கோடு விழாது. அடுத்த புத்தகத்துக்கு அது செல்லாது. கெட்ட சொல் பட்டியல் இன்னும் கெட்டிக்காரத்தனம்: அகராதியில் சரியாக உள்ள சொல்லாக இருந்தாலும் ஸ்கேன் பிழையாக அடிக்கடி வருகிறது என்றால் அதையும் நிறுத்திக் காட்டச் சொல்லலாம்.

இனி என் ஐந்து சொற்கள். டீயில் முடியும் 'டிராப்ட்', இ-டபிள்யூ போட்ட 'ஷோ', ஒய் போட்ட 'பே' மூன்றும் நூல் முழுவதும் ஒரே சீராக வருகின்றன, அப்படியே இருக்கட்டும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பதிப்பு நியூயார்க். ஆகவே 'வொர்ஷிப்'புக்கு ஒரு பீ சரி.

'ரிக்கஷே' மட்டும் இன்னும் நிற்கிறது. இரட்டை டீ வரும் அத்தியாயம் முழுக்க வேறொருவரின் கடிதத்தை அப்படியே எடுத்துப் போட்டது. ஒற்றை டீ வருவது ஆசிரியரின் சொந்த எழுத்தில். ஒன்றாக்கிவிடலாமா?

கரும்பலகை எழுதியது:

ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை என்று சொன்னவள் நான்தான். ஆனால் இங்கே இரண்டு கை எழுதியிருக்கிறது. கடிதக்காரரின் எழுத்தை மாற்ற ஆசிரியரே துணியவில்லை, நாம் எப்படி மாற்றுவது?

தொல்வினை எழுதியது:

வேண்டாம். கடிதம் எழுதியவர் டீயை ஒலித்திருக்கக்கூடும். ஒன்றாக்கினால் அந்தத் தடயம் அழிந்துவிடும். இரண்டையும் விட்டுவிட்டு, நூலின் இறுதியில் சேர்க்கும் படியெடுப்பாளர் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தச் சொல் மூலத்தில் இரு வடிவங்களில் வருகிறது, மாற்றவில்லை என்று.

மெய்ப்புநோக்கி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. இரண்டு வடிவங்களையும் நல்ல சொல் பட்டியலில் சேர்த்தாயிற்று. அடுத்த அத்தியாயத்தில் விக்கல் எடுத்ததைச் சொல்லும் 'ஹிக்கப்' வருகிறது, கடைசியில் இருமலுக்கான எழுத்துகளோடு. இதையும் கேட்டுவிடுகிறேனே?

தொல்வினை எழுதியது:

அதுவும் பழைய வடிவம்தான், பிழை இல்லை. விக்கலையும் இருமலின் இனம் என்று யாரோ நினைத்து அந்த எழுத்துகளை ஒட்டிவிட்டார்கள். ஒலி மட்டும் 'ஹிக்கப்' என்றே நின்றுவிட்டது. இறந்தகாலத்துக்கு இ-டி சேர்த்தால் போதும், இரட்டிக்க ஒன்றுமில்லை. பீயில் முடியும் வடிவத்துக்குத்தான் ஒரு பீயா இரண்டு பீயா என்ற சண்டை. உங்கள் ஆசிரியர் அதிலிருந்து தப்பித்துக்கொண்டார்.